தமிழ் முதுகலைக் கல்வியில் விக்கியும் வலைப்பதிவும்

அண்மைக் காலத்துத் தமிழ் ஆய்வேடுகளின் இறுதியிற் காணப்பெறும் துணைநூற் பட்டியல்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். இணையத்திலிருந்து எடுத்த செய்தி அவ்வேடுகளில் நிரம்ப உண்டு. எடுத்த இடம் கூறப்பெறுவதோ அரிது. கூறப்பெறும் இடத்தும் 'விக்கிப்பீடியா' என்னும் ஒரு சொல்லோ, வலைப்பதிவு ஒன்றின் முகவரியோ மட்டும் நிற்கும். அப்பக்கம் எந்நாளில் நோக்கப்பெற்றது, அன்று எந்நிலையில் இருந்தது என்னும் குறிப்பு இராது. ஓலைச்சுவடி ஒன்றைச் சான்று காட்டுமிடத்து அஃது உள்ள நூலகத்தையும் அதன் எண்ணையும் தவறாது குறிக்கும் மாணவரே இங்ஙனம் செய்கின்றனர். இது சோம்பலின் விளைவு என்று கூறி அமைதல் பொருந்தாது. இவ்விருவகை எழுத்தும் எத்தன்மையன, அவற்றைப் படிக்கும் முறை யாது என்பன பாடத்திட்டத்தில் இடம்பெறாமையே இதற்குக் காரணம் எனலாம்.

ஆசிரியருள் இருவேறு போக்கினர் உளர். ஒரு சாரார் விக்கியை முற்றும் விலக்குவர். மற்றொரு சாரார் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதிச் சேர்த்தல் வேண்டும் எனப் பணித்து மதிப்பெண் வழங்குவர். முன்னையதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று அடிக்கடி காட்டப்படும். அமெரிக்க நாட்டு வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள மிடில்பரிக் கல்லூரியின் வரலாற்றுத்துறை, மாணவர் தம் கட்டுரைகளில் விக்கிப்பீடியாவை மேற்கோளாகக் காட்டலாகாது என 2007 ஆம் ஆண்டில் விதி வகுத்தது. ஆனால் அவ்விதி மேற்கோளாகக் காட்டுதலை விலக்கியதேயன்றிப் படித்தலை விலக்கவில்லை. கலைக்களஞ்சியம் எதுவாயினும், அச்சிட்டதே ஆயினும், ஆய்வுக்கு இறுதிச் சான்றாகாது என்பது அத்துறையினர் கருத்து. இதனை மறந்து விலக்கை மட்டும் எடுத்துக்கொள்வது முறையன்று. பின்னைய போக்கிற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2010 ஆம் ஆண்டு கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபொழுது, கல்லூரி மாணவர்க்கென விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டியொன்று தமிழக அரசின் துணையோடு நடத்தப்பெற்றது. 2017 இல் பள்ளி ஆசிரியர் பலர்க்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் பயிற்சி அளிக்கப்பட்டது. இவற்றால் கட்டுரைகள் பெருகின. புதியோர் சிலர் நிலையாகத் தங்கிப் பணிபுரியவும் செய்தனர். ஆயினும் போட்டியும் பயிற்சியும் எழுதுவதையே இலக்காகக் கொண்டன. எழுதப்பட்டதை எவ்வாறு ஆராய்ந்து படிப்பது என்பது தனியே பயிற்றப்பட வேண்டிய கலை. அதுவே தமிழ்த்துறைக்கு உரியது.

விக்கியின் தோற்றத்தைச் சுருங்கக் கூறுதல் போதும். யார் வேண்டுமாயினும் திருத்தக்கூடிய இணையப் பக்கத்தை 1995 இல் வார்டு கன்னிங்காம் என்பார் அமைத்து, விரைவு எனப் பொருள்படும் அவாய் மொழிச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். அம்முறையில் விக்கிப்பீடியா 2001 சனவரியில் ஆங்கிலத்தில் தோன்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கிற்று. அதனைத் தொடக்க நாளில் தனியொருவராகத் தாங்கி வளர்த்தவர் இலங்கையரான இ. மயூரநாதன். 2017 இல் அதன் கட்டுரைகள் 1,00,000 என்னும் எண்ணைக் கடந்தன. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியராய் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910 இல் வெளிவந்ததையும், பெரியசாமித் தூரன் முதன்மையாசிரியராக இருந்து அறிஞர் பலரைக் கொண்டு உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிப்போந்ததையும் நினைவுகூர்வார்க்கு, இம்மூன்றும் ஆக்கமுறையில் வேறுபடுமாறு விளங்கும். முதலது ஒருவர் ஆக்கம். இரண்டாவது ஒரு குழுவின் ஆக்கம். மூன்றாவதன் ஆசிரியர் இன்னார் என வரையறுக்க இயலாது.

இவ்வரையறையின்மை கண்டு, விக்கியைப் பழைய அவைக்கள அரங்கேற்றத்தோடு ஒப்பிடத் தோன்றும். பலர் கூடி ஒரு நூலின் குற்றங்குறை ஆராய்தல் இரண்டிற்கும் பொது அன்றோ எனின், அவ்வொப்புமை நில்லாது. அரங்கேற்றத்தில் அவையின் உடன்பாடு முன்னும் நூல் உலவுதல் பின்னும் நிகழும். விக்கியிலோ எழுதியது எழுதிய அக்கணமே உலகிற்கு வெளிப்படும்; ஆராய்ச்சி அதன்பின் நிகழலாம், நிகழாமலும் போகலாம். எவரும் வந்து நோக்காத கட்டுரை ஆண்டுக்கணக்கில் பிழையோடு கிடத்தலும் உண்டு. ஆகவே விக்கிக்கு உண்மையான ஒப்புமை அவைக்களத்தில் இல்லை. சுவடி மரபிலேயே உள்ளது.

இறையனார் களவியலுரையை ஈண்டு நோக்குக. அவ்வுரை நக்கீரரால் உரைக்கப்பெற்று, ஆசிரியர் மாணவர் வழியாகப் பல தலைமுறை நடந்து, முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்தது என அவ்வுரையே கூறுகிறது. அதனுள் பாண்டிக்கோவைச் செய்யுட்கள் மேற்கோளாக மிகுதியும் வருகின்றன. அக்கோவையின் தலைவன் சங்க காலத்திற்குப் பிற்பட்ட பாண்டியன். ஆதலின் அம்மேற்கோள்களேனும் நக்கீரர் வாக்காதல் இயலாது என அறிஞர் துணிந்தனர். இத்துணிபு அகச்சான்று கொண்டு பெற்றது. எப்பகுதி எவருடையது, எத்தலைமுறையில் எத்தொடர் நுழைந்தது என்று கேட்பின், அவ்வுரை வாய்திறவாது. அடுக்குகள் பல என்பது தெரிகிறது. அடுக்கின் எல்லை தெரிவதில்லை.

விக்கிப் பக்கத்தில் அவ்வெல்லை தெரிகிறது. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் 'வரலாறு' என்னும் ஒரு பகுதி உண்டு. முதன்முதல் இட்ட வரி தொட்டு இன்று செய்த காற்புள்ளித் திருத்தம் ஈறாக, ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயரோ அடையாளமோ, நாள், நேரம் ஆகியவற்றோடு அங்குப் பதிவாகியுள்ளது. எவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்து, நீங்கியது இது, சேர்ந்தது இது என ஒப்பிட்டுக் காணலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 இல் பதிப்பித்தற்கு முன்னர்ச் சுவடி பல தேடி ஒப்பிட்டு வருந்தியதை எண்ணிப் பார்ப்பின், இவ்வொரு பகுதியின் அருமை விளங்கும்.

இதனைப் பதிப்புநெறி கற்பிக்கும் கருவியாக்குதல் எங்ஙனம்? முதுகலை வகுப்பில் இடைச்செருகல், பாடவேறுபாடு, அகச்சான்று என்பன ஏட்டளவில் கற்பிக்கப்படுகின்றன. மாணவன் ஒருவன் இப்பகுதி பிற்சேர்க்கை எனத் துணிந்தால், அத்துணிபு சரியா என்று சோதிக்க வழியில்லை; ஆசிரியன் துணிபோடு ஒத்ததா என்று மட்டுமே சோதிக்கலாம். விக்கியில் அச்சோதனைக்கு வழி உண்டு. பலர் கைபட்ட கட்டுரை ஒன்றைத் தேர்ந்து, வரலாற்றுப் பகுதியை மறைத்து, இறுதி வடிவத்தை மட்டும் மாணவர்க்கு அளித்தல் வேண்டும். எத்தனை கைகள் இதனுள் உள, எவ்வெப் பகுதி ஒரு கையினது, எது முந்தியது என அகச்சான்று கொண்டு அவர் எழுதித் தருதல் வேண்டும். அதன் பின்னரே வரலாற்றுப் பகுதியைத் திறந்து ஒப்பிடச் செய்தல் வேண்டும். தம் ஊகம் எங்குப் பொருந்தியது, எங்குப் பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று அறியும் மாணவர், பின்னர்ச் சங்க நூலொன்றில் இடைச்செருகல் பற்றிப் பேசுங்கால் முன்னினும் அடக்கத்தோடு பேசுவர்.

இப்பயிற்சிக்குரிய அகச்சான்றுகள் தமிழ் விக்கிப்பீடியாவில் நிரம்பக் கிடைக்கின்றன. இலங்கையர் பௌதிகவியல், இரசாயனவியல், கணனி என எழுதுவர். தமிழகத்தார் இயற்பியல், வேதியியல், கணினி என எழுதுவர். ஒரே கட்டுரையில் இருவழக்கும் கலந்துவரின், இரு கைகள் உண்டு என ஐயுறலாம். கிரந்த எழுத்தை ஆளுதலும் விலக்குதலும், வல்லெழுத்து மிகும் இடங்களில் காட்டும் கவனமும், பிறமொழிப் பெயரை ஒலிபெயர்க்கும் முறையும் அவ்வாறே கைகளைக் காட்டிக்கொடுக்கும். மொழிபெயர்ப்பு வாடை மற்றொரு சான்று. 2009 ஆம் ஆண்டு முதலாகச் சில காலம் கூகுள் நிறுவனம், கணினிக் கருவியின் துணையோடு மொழிபெயர்ப்பித்த ஆங்கிலக் கட்டுரைகள் பலவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்ப்பித்தது. அவற்றின் தொடரமைப்பு தமிழ்த் தொடரமைப்பாக இல்லை எனவும், தலைப்புகள் தமிழர் தேவை நோக்கித் தேர்ந்தவை அல்ல எனவும் தமிழ் விக்கிப்பீடியர் குறை கூறினர். போலந்து நாட்டுக் கிடான்ஸ்க் நகரில் 2010 இல் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் இத்திட்டத்தை மதிப்பிட்டுக் கட்டுரை படித்தார். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நான்கு கிளைத்தொடர்கள் நிற்கும் நடையைக் கண்டவுடன் இஃது அவ்வழி வந்ததோ என ஐயுறும் பழக்கம் மாணவர்க்கு உண்டாதல் நன்று. உரைநடை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் எளிதிற் கிடைக்கும் பொருள் வேறில்லை.

அகச்சான்று ஏமாற்றும் இடங்களும் உண்டு. அவையே பயிற்சியின் சுவையான பகுதி. ஏடெழுதுவோன் தனக்குப் பழகிய சொல்லை நூலுள் புகுத்துதல் போல, விக்கியிலும் பின்வந்த ஒருவர் கட்டுரை முழுதும் கலைச்சொற்களை ஒருபடித்தாக மாற்றிவிடக்கூடும். அப்பொழுது அடுக்குகள் மறைந்து ஒரே கையினது போலத் தோன்றும். மற்றொன்று இதனினும் நுட்பமானது. வரலாற்றுப் பகுதி ஒரு வரியை இட்டவர் யார் என்று கூறுமேயன்றி, ஆக்கியவர் யார் என்று கூறாது. பழைய நூலிலிருந்தோ வேறோர் இணையப் பக்கத்திலிருந்தோ எடுத்து ஒட்டிய பத்தியும் அங்கு ஒட்டியவர் பெயரிலேயே நிற்கும். இட்டவர் பெயரும் பெரும்பாலும் புனைபெயர். பாடிய புலவர் பெயர் தெரியாவிடத்துப் பாட்டின் தொடர் கொண்டு செம்புலப்பெயனீரார் எனப் பெயரிட்ட தொகுப்பாசிரியர் பிற்காலத்தார்க்கு ஓர் உதவி செய்தனர். விக்கியில் அவரவரே தமக்குப் பெயரிட்டுக்கொள்வதால் அவ்வுதவியும் இல்லை. ஆகவே வரலாற்றுப் பகுதி முழு வரலாறு அன்று. அதனையும் ஒரு சான்றாகக் கொண்டு ஆராய்தலே முறை.

கட்டுரையோடு இணைந்த உரையாடற் பக்கம், உரையாசிரியர்தம் தடைவிடைப் பகுதிகளை நினைவூட்டுவது. கலைச்சொல் பற்றியும் எழுத்துப்பெயர்ப்புப் பற்றியும் ஆங்கு நடந்த வாதங்களுட் சில, அச்சு இதழ்களில் வந்தவற்றிற்குச் சற்றும் குறைந்தன அல்ல. கட்டுரையில் முடிவு மட்டும் நிற்க, அம்முடிவிற்கு வந்த வழி இங்குக் கிடக்கிறது. ஆய்வாளர் இதனைத் திறந்து பார்ப்பது மிக அரிது.

இனி, விக்கியின் அடிப்படை விதி ஒன்றை நோக்குவோம். புத்தாய்வு கூடாது, பிறர் முன்னரே வெளியிட்டதையே சான்றோடு கூறல் வேண்டும் என்பது அவ்விதி. தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வகைப்படுத்துகிறது. அந்நெறிப்படி நோக்கின் விக்கிப்பீடியா தன் விதியாலேயே வழிநூல். ஆய்வேடோ முதல்நூலாதலை விரும்புவது. இவ்வேறுபாட்டை உணராமையால் இருபுறமும் கேடு விளைகிறது. தான் கண்ட புதுமுடிவை மாணவன் விக்கியில் எழுதுகிறான்; அது நீக்கப்படுகிறது; தமிழ் கற்றார்க்கு அங்கு மதிப்பில்லை என வருந்தி விலகுகிறான். மறுபுறம், விக்கிக்குரிய தொகுப்புநடை ஆய்வேட்டினுள் புகுந்து, ஏடு முழுதும் பிறர் கூற்றாக நிரம்புகிறது.

நடுநிலை என்னும் விதியால் நேரும் ஊறு இன்னும் பெரிது. தொல்காப்பியத்தின் காலம் கி.மு. என்பாரும் கி.பி. என்பாரும் உளர். விக்கிப்பீடியா இரு திறத்தாரையும் அவரவர் பெயரொடு குறித்தல் முறையே. ஆனால் சான்றுகளின் வலிமையை நிறுத்துப் பார்த்து ஒருபால் துணிதல் அதன் பணி அன்று. அந்நடையையே படித்துப் பழகிய மாணவன், 'என்பர் ஒரு சாரார். என்பர் மற்றொரு சாரார்' என எழுதித் தன் கடமை முடிந்ததாகக் கருதுகிறான். திறனாய்வு என்பது துணிதல். எச்சான்று எதனால் வலியது என்று கூறாத கட்டுரை பட்டியலாகுமே ஒழிய ஆய்வாகாது. விக்கிப்பீடியாவைக் குறைகூறுவார் அதன் பிழைகளையே சுட்டுவர். பிழை திருத்தத்தக்கது, துணியாமை மாணவர் நடையில் படிந்துவிடின் நீக்குதல் அரிது.

எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று 2022 இல் தொடங்கிய 'தமிழ் விக்கி' இவ்விடத்து ஒப்பிட்டு நோக்கத்தக்கது. அது விக்கி வடிவினதாயினும் ஆசிரியர் குழுவின் மேற்பார்வையில் நடப்பது. எவரும் புகுந்து திருத்துமாறு திறந்துவிடப்படாதது. இலக்கியம், பண்பாடு என்னும் எல்லைக்குள் நிற்பதால் ஒருமையும் இலக்கிய மதிப்பீடும் அதிற் காணப்படுகின்றன. அம்மதிப்பீட்டில் குழுவின் சார்பும் உடன் வரும் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். ஒரே எழுத்தாளரைப் பற்றி இரு களஞ்சியங்களும் கூறுவதை எதிரெதிர் வைத்துப் படிப்பித்தால், தொகுப்பும் மதிப்பீடும் வேறாதல் ஒருமணி வகுப்பிலேயே விளங்கும்.

மாணவரை விக்கியில் எழுதுவித்தே ஆகவேண்டும் எனின், கட்டுரைப் பக்கத்தைவிட விக்கிமூலம் ஏற்றது என்பது என் கருத்து. ஆங்கு நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உட்படப் பழைய தமிழ் நூல்களின் ஒளிப்படம் ஒருபுறமும், கணினி படித்தறிந்த எழுத்துவடிவம் மறுபுறமும் நிற்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்ததை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே அப்பக்கம் முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்படும். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் பலர் இவ்வாறே நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர். ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் என்னும் நிறுவனம் 2005 முதல் பணிபுரிவதும் விக்கி மென்பொருளின் மீதேயாம். பழைய அச்சுநூல் ஒன்றின் இருபது பக்கங்களை எழுத்தெண்ணிப் படித்து மெய்ப்புப் பார்த்த மாணவன் யாப்பையும் சந்தியையும் கற்பது போல, எங்கிருந்தோ எடுத்து ஒரு கட்டுரை எழுதிய மாணவன் கற்பதில்லை.

மதிப்பெண் இடும் இடர் ஒன்று எஞ்சுகிறது. ஐவர் கூடி எழுதிய கட்டுரைக்கு ஐவர்க்கும் ஒரே மதிப்பெண் இடுதல் நேர்மையன்று. வரலாற்றுப் பகுதி கொண்டு ஒவ்வொருவர் சேர்த்த எழுத்தளவை எண்ணி இடுதல் அதனினும் தீது. ஐந்நூறு சொற்களை ஒட்டியவன் மிக்க மதிப்பெண் பெற, ஆதாரமற்ற ஐம்பது சொற்களை நீக்கியவன் ஒன்றும் பெறாது போவான். நீக்கம் ஒவ்வொன்றிற்கும் சேர்க்கை ஒவ்வொன்றிற்கும் காரணம் எழுதிய சிறு அறிக்கையை மாணவனிடம் பெற்று, அதற்கே மதிப்பெண் இடுதல் தக்கது.

வலைப்பதிவின் இயல்பு இதற்கு மாறானது. பிளாகர் என்னும் சேவை 1999 இல் தோன்றிய பின்னர், கணினி நுட்பம் அறியாதாரும் நாட்குறிப்புப் போல எழுதி வெளியிடும் நிலை உண்டாயிற்று. தமிழில் 2003 ஐ ஒட்டி இம்முயற்சிகள் தளிர்த்தன. 2004 இல் எழுந்த தமிழ்மணம் என்னும் திரட்டி அவற்றை ஓரிடத்துக் காட்டிற்று. ஒருவரே ஆசிரியர், அவர் குரலே நடை. களப்பணிக் குறிப்பு, ஊர்ப்பெயர் வழக்காறு, கல்வெட்டுக் கண்ட செய்தி, மறைந்த புலவர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு முதலியன அச்சேறக் காத்திராது உடன் வெளிவருதற்கு இது பெரிதும் உதவுகிறது. புதுச்சேரியைச் சேர்ந்த பேராசிரியர் மு. இளங்கோவன் தமிழறிஞர் பலரைப் பற்றித் தம் வலைப்பதிவில் எழுதிவந்துள்ளவை இதற்குச் சான்று. விக்கி ஏற்காத புத்தாய்வுக்கும் இது முதற்களமாகலாம். ஆய்வு மாணவன் தன் கருத்தின் முதல் வடிவை நாளிட்டு எழுதிவைப்பின், அக்கருத்து வளர்ந்தவாறு பின்னர்த் தனக்கே தெளிவாகும்.

ஆயினும் வலைப்பதிவு வரலாற்றைக் காட்டாது. ஆசிரியர் தாம் முன்னர் எழுதியதை ஓசையின்றி மாற்றலாம். மாற்றிய பின்னும் பழைய நாளே தலைப்பில் நிற்கும். முழுப் பதிவையும் நீக்கினால் கேட்பாரில்லை. இடந்தரும் நிறுவனம் கடையை மூடுதலும் உண்டு. பல்லாயிரம் தனியார் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீசு 2009 இல் அமெரிக்காவில் மூடப்பட்டபொழுது அவற்றுட் பல அழிந்தன. இணைய ஆவணக்காப்பகம் முதலியோர் படியெடுத்த அளவே எஞ்சின. கறையான் அரித்த ஏட்டில் சில எழுத்தாவது மிஞ்சும். நீக்கப்பட்ட பதிவின் முகவரியைத் தேடிச் செல்வார்க்கு வெற்றுப் பக்கமே எதிர்ப்படும். அதனை மேற்கோளாகக் கொண்ட ஆய்வேட்டின் வாதமும் அவ்விடத்து ஆதாரமிழந்து நிற்கும்.

ஆதலின் விக்கியைக் காட்டுவோர் கட்டுரைப் பெயரோடு அத்திருத்தத்தின் நிலையான தொடுப்பையும் நாளையும் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்கும் தனி எண் உண்மையின் இஃது எளிதே. வலைப்பதிவைக் காட்டுவோர் தாம் நோக்கிய அன்றே இணைய ஆவணக்காப்பகத்தில் அப்பக்கத்தின் படியைச் சேமித்து, அப்படியின் முகவரியையும் உடன் தருதல் வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அவ்வெண்ணைக் கொண்டு அப்பக்கத்தைத் திறந்து, மாணவன் படித்த அதே வரியைத் தாமும் படித்துப் பார்த்த பின்னர் வினாத் தொடுக்கலாம்.